நம்பிக்கையைக் கேட்டு வாங்கலாமா?



நம் தீவகத்து வீடுகளில் வளரும் நாய் பெரும்பாலும் காசு கொடுத்து வாங்கியதன்று. ஒழுங்கையில் நின்றதைப் பிள்ளைகள் தூக்கி வந்திருப்பார்கள். அப்படி வந்தவற்றுள் சில, படலை திறக்கும் சத்தம் கேட்டதும் வாலைக் காலிடுக்கில் சொருகிக்கொண்டு கட்டிலுக்குக் கீழே ஒளிந்துவிடும். “மூன்று மாதமாகச் சோறு போடுகிறோம், நன்றி கெட்டது, இன்னும் பயப்படுகிறதே” என்று வீட்டுக்காரர் சலித்துக்கொள்வார். இந்தச் சலிப்புக்குள்ளே ஓர் அறக்கேள்வி இருக்கிறது. சோறு போட்டவருக்கு நம்பிக்கை கடனாகுமா?

ஆகாது என்பதே என் துணிபு. அஞ்சவேண்டியதில்லை என்று ஓர் உயிர் தானே கண்டறிந்த பின்னர்தான் நம்பிக்கை பிறக்கும். அதனைக் கட்டளையிட்டு வரவழைக்க முடியாது.

அச்சம் அந்த நாயின் குற்றமுமன்று. 1961இல் அமெரிக்க ஆய்வாளர் ஃபிரீட்மன், கிங், எலியட் என்போர் சில குட்டிகளைப் பதினான்கு வாரம் வரை மனிதர் கைபடாமல் வளர்த்துப் பார்த்தார்கள். அவை பிறகு மனிதரை நெருங்கவே அஞ்சின. முதல் மூன்று மாதம் அத்தனை முக்கியமானது. அந்நாட்களில் கல்லடி மட்டுமே கண்ட குட்டிக்கு, கையைத் தூக்குகிற எவரும் கல்லெறிபவர்தான்.

1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவக மக்கள் ஊரைவிட்டு ஓடியபோது மனிதருக்கே படகில் இடம் போதவில்லை. நாய்களுக்கு எங்கே இடம்? அதற்காக எவரையும் நான் குறைகூற மாட்டேன். ஆனால் அறியாதவர் காலடி கேட்டு உள்ளே ஒளிந்த தலைமுறை நாம். அவ்வேளை நம்மை வெளியே இழுத்து நிறுத்தி, “ஏன் பயப்படுகிறாய்?” என்று அதட்டியவர்மீது நமக்கு நம்பிக்கை பிறந்ததா? வந்த விருந்தினர் முன்னே நாயைச் சங்கிலியில் இழுத்து வந்து, “தடவிப் பாருங்கோ, ஒன்றும் செய்யாது” என்கிறோமே, அது யாருடைய தேவைக்கு? நம் வீட்டு நாய் நல்ல நாய் என்று காட்டும் நம் பெருமைக்கே.

செய்யவேண்டியது எளிது, ஆனால் நாட்செல்லும். விருந்தினர் நாயைப் பாராமல், பக்கவாட்டாகத் திரும்பி, தூரத்தே இருக்கட்டும். எவ்வளவு தூரம்? நாய் அவரைக் கண்டும் உணவைத் தின்னக்கூடிய தூரம். தின்ன மறுத்தால் அவர் இன்னும் விலகவேண்டும். அவர் வரும்போதெல்லாம் ஒரு துண்டு மீன் நாய்க்கு அருகே விழட்டும். நாளடைவில் அதுவே தூரத்தைக் குறைக்கும், நாம் குறைக்கக்கூடாது. ஒதுங்கிப் போக அதற்கு எப்போதும் ஒரு வழி திறந்திருக்கவேண்டும். உறுமினால் அடிக்காதீர்கள். உறுமல் ஓர் எச்சரிக்கை. அதை அடித்து அடக்கினால், அடுத்த முறை எச்சரியாமலே கடிக்கும். நடுங்குகிற நாயை ஆறுதலாகத் தடவினால் அச்சம் வளரும் என்பதும் வெறும் பேச்சுத்தான்.

“நாயை வளர்ப்பதே பிறரைக் கண்டு குரைக்கத்தானே?” என்று கேட்பீர்கள். காவலுக்குக் குரைப்பது வேறு, மூலையில் அகப்பட்டுக் கடிப்பது வேறு. பின்னையதற்கு இரையாவது பெரும்பாலும் குனிந்து தடவப்போன குழந்தைதான். கடிபட்டால் காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். நெடுந்தீவாருக்கு இதிலே படகுப் பயணமும் சேரக்கூடும் என்பதை மறவாதீர்கள். நாய்க்கு விசர்த் தடுப்பூசி போடுவதும் வளர்ப்பவரின் கடமை.

தோபித்து நூலில், இளைஞன் தோபியாவும் அவன் இன்னாரென்று அறியாத வழித்துணைவரும் புறப்படுகையில் நாயும் கூடவே போகிறது. அந்த நாய் எப்படி அவ்வளவு துணிவு பெற்றது என்று நூல் சொல்வதில்லை. வாசித்தபோதெல்லாம் எனக்கு அதை அறிய ஆசைதான்.

எல்லா நாயும் அப்படி ஆகிவிடாது. சில, வீட்டார் நாலு பேரை மட்டும் ஏற்று, மற்றவரிடம் கடைசிவரை ஒட்டாமலே இருக்கும். அப்படியானால் திருவிழா நாளில், வெடி தொடங்குமுன், குறிகட்டுவானிலிருந்து உறவினர் படகேறுமுன், அதனைப் பின்னறையில் தண்ணீரோடும் பழைய சாக்கோடும் விட்டுவிடுங்கள். யாராவது “நாய் எங்கே?” என்று கேட்டால், உறங்குகிறது என்று சொல்லுங்கள்.