மருந்தும் சட்டமும்

நோயாளியைக் குணப்படுத்துவதோடு வைத்தியரின் கடமை முடிந்துவிடுகின்றதா? நோய்க்குக் காரணமான சமூக வழக்கத்தோடு போராடுவதும் அவர்தம் கடமையா? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்வு இவ்வினாவை நம்முன் வைக்கின்றது.

1886ஆம் ஆண்டு புதுக்கோட்டையிற் பிறந்து, 1912இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றவர். 1927இல் சென்னை மாகாணச் சட்டசபையின் உபதலைவரானார். சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்குமாறு அச்சபையிலே வாதாடினார். தேவதாசி மரபில் வந்த தாயின் மகளாதலின், அவ்வழக்கின் கொடுமை அவருக்கு ஏட்டறிவன்று.

அவரை எதிர்த்தோர் வைதிகர் மட்டுமல்லர். தேவதாசிகளுள் ஒரு சாராரும் எதிர்த்தனர். அவ்வெதிர்ப்பைப் பழமைப்பற்று என்று தள்ளிவிடுதல் எளிது. ஆனால், கோயிற்பணி போனால் மானிய நிலமும் போய்விடும் என்ற அச்சம் சோற்றைப் பற்றிய அச்சம். 1929ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களைப் பணியினின்று விடுவித்து, நிலத்தை அவர்கட்கே உரிமையாக்கியது. நிலமே இல்லாதவளுக்கு அச்சட்டம் எதைக் கொடுத்தது?

1930இல் காந்தியடிகள் கைதானமையைக் கண்டித்து அவர் பதவியைத் துறந்தார். பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் சட்டம் 1947இலேதான் நிறைவேறியது. அச்சட்டத்துக்காகக் காத்திராமல், ஆதரவற்ற பெண்களுக்காக அவர் அவ்வை இல்லத்தை நிறுவினார். அவருடைய அறத்தின் முழுமை அங்கேதான் புலப்படுகின்றது. தடை தீமையை நிறுத்தலாம், பசியைத் தீர்க்காது.

தீமையொன்றைத் தடைசெய்யக் கோரும் எவரும், அதனை நம்பி வாழ்ந்தவர் நாளை எங்கே செல்வார் என்ற வினாவுக்கும் விடையளிக்கக் கடமைப்பட்டவரே.