மணலறிவும் குருவறிவும்

ஒரு பொருளை இதுவெனத் துணிதற்கு அதன் பொதுவியல்பை அறிதல் மாத்திரம் போதாது. தன்னியல்பும் உணரப்படல் வேண்டுமென்பது அளவை நூலார் கொள்கை. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் ஏனை அளவைகளை அடக்கினமையும், ஐயமும் திரிபும் நீங்கிய அறிவையே மெய்க்காட்சியாகக் கொண்டமையும் அன்பர்கள் அறிவர். அவ்வுண்மை நாஞ்சில் நாட்டுக் கடற்கரை மணலில் இனிது விளங்குகின்றது. அதனை முன்வைத்து, ஞானாசிரியனை நாடுவோர் உள்ளத்தெழும் வினாவொன்றை ஈண்டு ஆராயப் புகுகின்றாம்.

குமரியம்மைக்கும் சுசீந்திரத்துப் பெருமானுக்கும் நிகழவிருந்த திருமணம் தடைப்பட, சமையாதெஞ்சிய அரிசியே குமரித்துறையின் பன்னிற மணலாயிற்றென்பது வழிவழி வரும் கதை. அக்கரையில், முட்டத்துக்கும் குளச்சலுக்கும் இடையே, மண்டைக்காட்டை அடுத்துள்ளது மணவாளக்குறிச்சி. அவ்வூர் மணலை எண்ணிறந்தோர் மிதித்துச் சென்றனர்; அதனுள் மோனசைட்டு என்னும் அரிய கனிமம் உளதென ஒருவரும் அறிந்திலர். 1909ஆம் ஆண்டில் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலார், திருவிதாங்கூரிலிருந்து சென்ற தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் அதனைக் கண்டனர். பின்னர் மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை எழுந்தது. அக்காலத்து வாயு விளக்கின் வலைத்திரிக்கு வேண்டிய தோரியம் இக்கனிமத்திலிருந்தே பெறப்பட்டது. காலடியிற் கிடந்ததனை ஊரார் அறியாதிருக்க, கடல் கடந்திருந்தவர் அறிந்தது எங்ஙனம்? இலக்கணம் முன்னரே கற்றிருந்தமையால் என்க. உரையளவையின் துணையின்றிக் கண் தன்முன் உள்ளதனையும் காணாது.

இனி, அதனை மணலிடைத் தெரியுமாறு கூறுவாம். மோனசைட்டு தேனிறமும் பிசினொத்த மினுக்கமும் உடையது. அலையால் உருண்ட சிறு மணியாய்க் கிடப்பது. கறையேறிய வெண்மணலும் மஞ்சள் சாயலுடைத்தாதலின், நிறங்கொண்டு துணிவார் திரிபுறுவர். நிறையை நோக்கின், வெண்மணல் நீரினும் ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமுடையது. இஃதோ ஐந்து மடங்கு. ஆயினும் சிர்க்கோனும் ஏறக்குறைய அத்துணைக் கனமுடையதே; ஆதலின் ஐயம் எஞ்சும். வலிய காந்தத்தால் சோதிப்பின், கரிய இல்மனைட்டு முதலில் ஈர்க்கப்படும். வலிமையை மேலும் ஏற்ற, செந்நிறக் கார்னெட்டும், அதன்பின் மோனசைட்டும் ஈர்க்கப்படும். சிர்க்கோன் ஈர்க்கப்படாது நிற்கும். இறுதியாக, உள்ளிருக்கும் தோரியத்தினின்று இடையறாது வெளிப்படும் கதிரைக் கருவி காட்டும். அக்கதிர் கண்ணுக்குப் புலனாவதன்று. கருவியின் ஒலியாகிய காரியங்கொண்டு கருதியறியப்படுவது. இங்ஙனம் பல குறி ஒருங்கியைந்த வழியே துணிவு பிறக்கும். ஒரு குறி கொண்டு துணிதல் பேதைமை.

இனி எம் வினா. மணலுக்கு நிறம் எத்தகையதோ அத்தகையதே அடியார்க்கு வேடம். சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம் அடியார் திருவேடத்தையும் திருக்கோயிலையும் அரனெனத் தொழுமாறு பணிக்கின்றது. அங்ஙனமாயின், ஒருவரை ஞானாசிரியராகக் கொள்ளுமுன் ஆராய்தல் வேடத்தை இகழ்ந்ததாகாதோ எனின், ஆகாது. வணங்குதல் வேறு, உபதேசம் பெறுதல் வேறு. வணங்குவோன் திருவேடத்தின்கண் விளங்கும் சிவத்தை வணங்குகின்றான். அணிந்தார் குற்றம் அவ்வணக்கத்தைத் தீண்டாது. உபதேசம் பெறுவோனோ தன் உயிரையே ஒப்புவிக்கின்றான். ஆசிரியரது இலக்கணத்தை ஆகமங்கள் விரித்தது மாணாக்கன் அறிந்து கொள்ளற்பொருட்டன்றோ?

அற்றேல், மெய்ப்பொருள் நாயனார் முத்தநாதனை ஆராய்ந்திலரே. அவன் ஆகமம் உரைப்பதாகக் கூறியதை நம்பித் தாழ அமர்ந்தனரே எனின், இத்தடை வலியுடையதே. வாளால் ஊறுபட்ட பின்னும் அவனுக்குத் தீங்கு நேராது காத்து அனுப்புமாறு தத்தனைப் பணித்த பேரன்பு அவர்பால் இருந்தது. வஞ்சம் அவர் உடலை அழித்தது, அன்பை அழித்திலது. அந்நிலை எய்தினார்க்கு ஆராய்ச்சி வேண்டா. அஃது எய்தாத நாம், ஆராயும் உழைப்புக்கு அஞ்சி அவர் செயலைச் சான்றாகக் காட்டுதல் சோம்பலை அன்பென்று பெயரிட்டழைத்தலாய் முடியும்.

இவ்வுவமை ஒருபுடை ஒப்பே. மோனசைட்டின் கதிர் மிகின் உடற்குத் தீங்காம். ஆசிரியன் அருளோ மிகுந்தொறும் நன்றாம். மேலும், மணலைச் சோதிக்கும் கருவி மணலுக்குப் புறம்பானது. ஆசிரியனை ஆராயும் கருவியோ ஆணவத்தால் மறைப்புண்ட எம் அறிவே. ஆதலின் ஆராயப் புகுவோன் தன் குற்றத்தை முதலில் ஆராய்தல் கடன். பிறர்பாற் குறை காணும் வேட்கையோடு செல்வோனுக்கு மெய்யாசிரியனும் வெறு மணலாகவே தோன்றுவன். கண்ணுக்குக் கதிரவன் போல உயிரறிவுக்குக் காட்டி உதவும் இறைவன் திருவருளை முன்னிட்டு, கற்ற இலக்கணத்தைக் கைக்கொண்டு, கைகுவித்தவாறே ஆராய்க. வணக்கமும் ஆராய்ச்சியும் தம்முள் பகையல்ல.

திருச்சிற்றம்பலம்.