எழுத்தும் பலத்தியாகமும்

பலனில் பற்று வையாமல் கர்மத்தைச் செய்யவேண்டும் என்னும் கீதையின் உபதேசம் உழவனுக்கும் போர்வீரனுக்கும் பொருந்துவதுபோல ஒரு நாவலாசிரியனுக்கும் பொருந்துமா என்பது எளிதில் விடை கூறிவிடக்கூடிய கேள்வியன்று. பலனைக் கருதாமல் உழுதவனுடைய வயலிலும் நெல் விளைந்து யாரோ ஒருவர் பசியை ஆற்றிவிடுகிறது. கதை எழுதுகிறவனுடைய வினையோ, முன்பின் அறியாத வாசகன் ஒருவன் அதைக் கையிலெடுத்துப் படித்து மனத்தில் ஏற்றுக்கொள்ளும் வரையில் முற்றுப்பெறுவதே இல்லை. ஆகவே, வாசகனை நாடுவது பலனில் வைத்த பற்றா, கர்மத்தின் ஓர் அங்கமா என்னும் ஐயம், எழுத்தையே வாழ்வாகக் கொண்ட எவனுக்கும் என்றேனும் ஒருநாள் எழாமல் இராது. இந்த ஐயத்தோடு நான் எப்போதும் சேர்த்து நினைப்பது ஹிந்தி நாவலாசிரியர் பிரேம்சந்தின் வாழ்க்கையை.

1880இல் காசிக்கு அருகே லமஹி என்னும் கிராமத்தில் தனபத் ராய் என்ற பெயருடன் பிறந்த அவர், பள்ளி உபாத்தியாயராகவும் கல்வி அதிகாரியாகவும் பல ஆண்டுகள் ஊழியம் செய்து, 1921இல் கோரக்பூரில் காந்தியடிகளின் பேச்சைக் கேட்டபின் சர்க்கார் உத்தியோகத்தைத் துறந்தார். 1923இல் காசியில் சரஸ்வதி அச்சகத்தை நிறுவியதும், 1930இல் ‘ஹம்ஸ்’ பத்திரிகையைத் தொடங்கியதும், எவருடைய தயவையும் எதிர்பாராமல் எழுதவும் பிரசுரிக்கவும் வேண்டும் என்ற ஒரே நோக்கத்தினால்தான். நாவல் ஒரு பக்கம், மாதந்தோறும் தலையங்கம் ஒரு பக்கம், பிறர் எழுதியவற்றைப் பற்றிய விமரிசனம் ஒரு பக்கம் என்று உழைத்த அந்த மனிதருக்கு அச்சகமும் பத்திரிகையும் நஷ்டத்தையே திரும்பத் திரும்பக் கொடுத்தன.

அந்த நஷ்டத்தால் ஏறிய கடனை அடைப்பதற்காகவே 1934இல் அவர் பம்பாய்க்குச் சென்று, அஜந்தா சினிடோன் என்னும் படக் கம்பெனியில் ஆண்டுக்கு 8000 ரூபாய் ஒப்பந்தத்தில் கதாசிரியராக அமர்ந்தார். ஆலைத் தொழிலாளரின் துயரத்தை வைத்து அவர் எழுதிய ‘மஜ்தூர்’ என்னும் படம் தணிக்கையாளரின் கத்தரிக்கும் தடைக்கும் உள்ளாயிற்று. காசியிலோ, அவருடைய அச்சகத்துத் தொழிலாளரே கூலி பாக்கிக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். அவ்வாண்டு டிசம்பரில் சென்னைக்கு வந்து தென்னிந்திய ஹிந்திப் பிரசார சபையின் பட்டமளிப்பு விழாவில் பேசிய பிரேம்சந்த், இத்தனை சங்கடங்களையும் சுமந்துகொண்டிருந்த பிரேம்சந்த்தான். ஒப்பந்தத்தின் ஆண்டு முற்றுப்பெறும் முன்பே, 1935 ஏப்ரலில், அவர் பம்பாயை விட்டுக் காசிக்குத் திரும்பிவிட்டார்.

இந்த இரண்டு ஊர்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் பலத்தியாகத்தின் உண்மைப் பொருள் எனக்கு விளங்குகிறது. பம்பாயில் பலன் நிச்சயமாக இருந்தது. எழுதிய கதை எவருடைய விருப்பத்திற்கு எப்படி மாறும் என்பது மட்டும் எழுதியவர் கையில் இல்லை. காசியிலோ ஒவ்வோர் எழுத்தும் அவருடையது, பலன்தான் இல்லை. கர்மத்தில்தான் உனக்கு அதிகாரம் உண்டு என்று சொல்லும் சாஸ்திரம், பலனை விடச் சொல்லுகிறதேயன்றி, அந்த அதிகாரத்தை விற்கச் சொல்லவில்லை. பலனுக்காகக் கர்மத்தைப் பிறரிடம் ஒப்படைத்து எத்தனை பணம் ஈட்டினாலும், எத்தனை திரைக்கதைகளை முடித்தாலும், அதை ஓர் எழுத்தாளனுடைய வளர்ச்சி என்று கணக்கிட என் மனம் ஒப்பவில்லை.

இங்கே பக்தர்கள் ஒரு நியாயமான ஆட்சேபத்தை எழுப்பக்கூடும். பலனைத் துறப்பதென்றால் அதை ஈசுவரனுக்கு அர்ப்பணம் செய்வது. பிரேம்சந்தோ ஈசுவர நம்பிக்கை இல்லாதவர். மரணப் படுக்கையில் இருந்தபோதுகூட, இத்தகைய வேளையில் ஜனங்கள் ஈசுவரனை நினைப்பார்களாம், தமக்கோ அவனுக்குத் தொல்லை கொடுக்கவேண்டிய அவசியம் இன்னும் தோன்றவில்லை என்ற கருத்தை அவர் தம் நண்பர் ஜைனேந்திர குமாரிடம் வெளியிட்டாராம். அர்ப்பணத்தை ஏற்றுக்கொள்ள ஒருவன் இல்லையென்றால் தியாகம் எப்படி நிறைவேறும்? கர்மமே அபூர்வம் என்னும் சக்தியைத் தோற்றுவித்துப் பலனைத் தந்துவிடும், அதற்கு ஈசுவரன் வேண்டியதில்லை என்றார்கள் மீமாம்ஸகர். பலனை அளிப்பவன் ஈசுவரனே என்று வேதாந்திகள் அதை மறுத்தார்கள். இருவருமே பலனைத் தருவது எது என்று வாதிட்டார்களேயன்றி, பலனையே கேளாதவனைப் பற்றி அந்த விவாதத்தில் பேச இடமில்லை. அவனுக்குரிய இடத்தைக் கீதையே லோகஸங்கிரஹம் என்னும் கருத்தில் அமைத்துவைத்திருக்கிறது. உலகம் நிலைபெறுவதற்காகச் செய்யும் வினையில் வாசகனும் அடங்கியவனாதலால், அவனை நாடுவது பற்று ஆகாது. அவனுடைய புகழ்ச்சியை நாடுவதே பற்று.

பிரேம்சந்தின் அர்ப்பணம் யாருக்கு என்பதை 1936இல் வெளிவந்த ‘கோதான்’ நாவலின் முடிவிலே காணலாம். வாழ்நாளெல்லாம் ஒரு பசுவுக்காக ஏங்கிய ஹோரி என்னும் குடியானவன் உயிர் நீங்கும் தறுவாயில், கோதானம் செய்விக்கவேண்டும் என்று சுற்றிலும் குரல் எழ, அவன் மனைவி தனியா, அன்று கயிறு விற்றுக் கிடைத்த இருபது அணாவைக் கொண்டுவந்து, குளிர்ந்துபோன அவன் கையிலே வைத்து, பசுவும் இல்லை, கன்றும் இல்லை, இதுவே தானம் என்று புரோகிதரிடம் சொல்லிவிட்டு மயங்கி விழுகிறாள். தர்மத்தின் பெயரால் இல்லாதவனிடமே கடைசிக் காசையும் வாங்கிக்கொள்ளும் உலகத்தை இதைக் காட்டிலும் உண்மையாக நான் எங்கும் படித்ததில்லை.

அதே ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் அவர் காலமானபோது ‘மங்களசூத்திரம்’ என்னும் நாவல் நான்கு அத்தியாயங்களோடு நின்றுபோயிற்று. அதன் நாயகன் தேவகுமார் ஓர் எழுத்தாளன்; பெயரை ஈட்டிப் பொருளை ஈட்டாத அந்த முதியவனைச் சொந்த மகனே குறைகூற, தான் கடைப்பிடித்த நெறி சரியானதுதானா என்று அவன் தன்னையே வினவிக்கொள்கிறான். அந்த வினாவுக்குப் பிரேம்சந்த் என்ன விடை வைத்திருந்தாரோ, அது அவரோடே போயிற்று.

ஆனால் ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன். பலத்தியாகம் வினை செய்கிறவன் தானே பூணும் விரதம். அவன் வினையின் பயனை நுகர்கிறவர்கள் அவனுக்கு விதிக்கும் கட்டளையாக அது ஒருநாளும் ஆகமாட்டாது. எழுதுகிறவன் பணத்தை எண்ணலாகாது என்று உபதேசித்துக்கொண்டே அவன் புத்தகத்தை இரவல் வாங்கிப் படிப்பவர்கள், தனியாவின் இருபது அணாவுக்குக் கை நீட்டியவரின் இனத்தைச் சேர்ந்தவர்களே. ஆகையால், தமிழ் வாசகர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: உங்கள் காலத்தில், உங்கள் ஊரில், எவருடைய ஆதரவும் இன்றி எழுதிக்கொண்டிருப்பவனுடைய நூலை விலை கொடுத்து வாங்குங்கள், படித்தபின் உங்கள் கருத்தை, அது கண்டனமாகவே இருந்தாலும், அவன் உயிரோடிருக்கும்போதே அவனுக்கு எழுதுங்கள்.