பளுவும் பொறுப்பும்

உழைப்பவனின் பளுவைக் குறைப்பது அறம். எங்கள் அளவெட்டியில் தோட்டக்காரன் மண்வெட்டிப் பிடியைச் செதுக்கி இலேசாக்கினால், பகல் முழுதும் கொத்தும் அவனது தோளுக்கு ஆறுதல். எவருக்கும் அதனாற் கேடில்லை. கொல்லும் கருவியின் பளுவைக் குறைப்பதை எவ்வறத்தில் அடக்குவது?

1944 இல் பிரித்தானியர் ஒரு துப்பாக்கியை உருவாக்கினர். லீ என்பீல்ட் ஐந்தாம் இலக்கமாகிய அதனை ‘ஜங்கிள் கார்பைன்’ என அழைத்தனர். பழைய துப்பாக்கியின் குழலைக் குறுக்கினர், மரத்தைக் குறைத்தனர், இரும்பைக் குடைந்தனர். ஏறத்தாழ இரண்டு இறாத்தல் கழிந்து, எடை ஏழு இறாத்தலளவாயிற்று. இரவையோ பழையதே. ஆகவே சுடுபவனின் தோளில் விழும் உதை முன்னிலும் கடுமையாயிற்று. அடிக்கட்டையில் இறப்பர் பொருத்தியும் அது அடங்கவில்லை. கைப்பளுவைக் கழிக்கலாம், உதையைக் கழித்தல் இயலாது.

1948 இல் மலாயாவில் அவசரகாலநிலை பிரகடனமானபோது, பிரித்தானியப் படைகள் இத்துப்பாக்கியை அங்கும் ஏந்தின. அங்கே இறப்பர்ப் பால் வெட்டியோரிற் பலர் தமிழர். எழுதுவினைஞராகச் சென்றோர் யாழ்ப்பாணத்தார். மலாயாப் பென்சனில் எழுந்த கல்வீடுகள் எமது குடாநாட்டில் உண்டு. எனவே இது அயலார் கதையன்று.

1948 டிசம்பர் 12 ஆம் நாள், பத்தாங் காலி இறப்பர்த் தோட்டத்தில் ஆயுதமற்ற 24 பேரை ஸ்கொட்ஸ் கார்ட்ஸ் படையினர் சுட்டுக் கொன்றனர். எத்துப்பாக்கி சுட்டது என்பதன்று கேள்வி. யார் பொறுப்பு என்பதே. 2015 இலும் பகிரங்க விசாரணைக்கான கோரிக்கையைப் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அதே மலாயாவிற்றான், துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டில் தமிழ்த் தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி 1949 மே 4 இல் தூக்கிலிடப்பட்டார். வைத்திருந்தமைக்கு மரணம், கொன்றமைக்கு விசாரணையுமில்லை!

வீரன் ‘ஆணை’ என்பான். அதிகாரி ‘சட்டம்’ என்பான். அரசு ‘அவசரநிலை’ என்னும். செய்தவன் ‘யான் எடையைத்தானே குறைத்தேன்’ என்பான். ஒவ்வொருவரும் தத்தம் பங்கைச் செதுக்கி இலேசாக்க, இறந்தவனின் பளுவைச் சுமப்பார் எவருமிலர். 2009 வரை நீடித்த எமது போரிலும், துவக்கை எத்தரப்பார் ஏந்தினும், இதே விடைகளையன்றோ கேட்டோம்?

பொறுப்பு, பங்கிட்டாற் குறையும் பண்டமன்று. ஆணையிட்டவனுக்கும் முழுமையாக உரியது. விசையை இழுத்தவனுக்கும் முழுமையாக உரியது. இதனை ஏற்காத சமுதாயத்தில் துப்பாக்கிகள் மேலும் இலேசாகும். உதை மட்டும் அடுத்த தலைமுறையின் தோளில் விழும்.