நான் தாண்டிப்போன ஐந்தாம் அதிகாரம்



பிரியமானவர்களே, இந்த மாதச் செய்தியை ஒரு பாவ அறிக்கையோடு ஆரம்பிக்கிறேன். 2017-ஆம் வருஷம் ஞாயிறு ஆராதனைகளில் நெகேமியாவின் புத்தகத்தை அதிகாரம் அதிகாரமாகத் தியானித்து வந்தோம். பழைய விசுவாசிகளுக்கு ஞாபகம் இருக்கும். நாலாம் அதிகாரத்தில் ஒரு கையில் வேலையும் மறு கையில் ஆயுதமுமாக அலங்கத்தைக் கட்டினதைப் பார்த்தோம். அடுத்த வாரம் நான் ஆறாம் அதிகாரத்தை எடுத்தேன். ஐந்தாம் அதிகாரத்தைத் தாண்டிப் போய்விட்டேன். ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் ஆவியானவர் என்னை விடவில்லை.

ஐந்தாம் அதிகாரத்தில் என்ன இருக்கிறது? பஞ்ச காலம். ஜனங்கள் தானியம் வாங்க நிலத்தையும் திராட்சத் தோட்டத்தையும் வீட்டையும் அடகு வைத்துவிட்டார்கள். பிள்ளைகள் அடிமைகளாய்ப் போகிறார்கள். வட்டி வாங்கினவன் அந்நியன் அல்ல, சொந்தச் சகோதரன்! அந்தக் கூக்குரலைக் கேட்டு நெகேமியா மிகவும் கோபங்கொண்டான். பதினோராம் வசனத்தில் நூற்றில் ஒரு பங்கு வட்டியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுகிறான். அது மாத வட்டி என்று வேத அறிஞர் பலர் எண்ணுகிறார்கள். நம்ம ஊர்க் கணக்கில் வெறும் ஒரு வட்டி! அதற்கே அவனுக்கு அவ்வளவு கோபம். இன்றைக்கு மூன்று வட்டி என்றால் "பரவாயில்லையே, குறைச்சல்தான்" என்கிறோம்.

நான் ஏன் தாண்டிப் போனேன்? அப்போது நம் சபையில் ஒரு சகோதரன் வட்டிக்குக் கொடுத்து வந்தார். பின் வரிசையில் உட்காரும், காய்கறி விற்றுப் பிழைக்கும் ஒரு சகோதரி அவரிடம் பத்து வட்டிக்கு 10,000 ரூபாய் வாங்கியிருந்தார். ரேஷன் கார்டையும் காதில் கிடந்த தோட்டையும் ஈடாகக் கொடுத்திருந்தார். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாய் திறக்கவில்லை. ஏனென்றால் அதே சகோதரனிடம் நானும் 40,000 ரூபாய் மூன்று வட்டிக்கு வாங்கியிருந்தேன். மாதம் பிறந்தால் 1,200 ரூபாயைக் கவரில் போட்டு அவர் கையில் கொடுப்பேன். அவர் முன் வரிசையில் உட்கார்ந்திருக்க நான் எப்படி அந்த அதிகாரத்தை வாசிப்பேன்?

கடன்பட்டவன் கடன் கொடுத்தவனுக்குக் கட்டுப்பட்டவன் என்ற பொருளில் சாலொமோன் நீதிமொழிகள் 22:7-ல் எழுதி வைத்ததை நான் பல முறை பிரசங்கித்திருக்கிறேன். அது என் நாக்கையே கட்டும் என்று அப்போதுதான் அறிந்தேன்.

தேவபிள்ளைகளே, எனக்குக் கடன் எப்படி வந்தது? வியாதியினாலா? இல்லை. பசியினாலா? அதுவும் இல்லை. ஒரு ஊழியர் கூட்டத்துக்குப் போனேன். எல்லாரும் புது பைக்கில் வந்திருந்தார்கள். திருவானைக்கோவிலிலிருந்து பெரிய கடை வீதியில் நான் வேலை செய்த ஹார்ட்வேர் கடைக்கு நாலு கிலோமீட்டர்தான். அதுவரை சைக்கிளில்தான் போனேன். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு சைக்கிள் எனக்கு வெட்கமாகிவிட்டது. தவணையில் பைக் வந்தது. பிறகு மகளுடைய பிறந்தநாளுக்கு மண்டபம். பிறகு வீட்டுக்குப் பெரிய டிவி. எதற்கும் "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்றேன். லூக்கா 14-ல் கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று ஆண்டவர் சொன்னார். நான் உட்காரவே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை உபவாசம். கடன் பாரத்தை நீக்கும்படி கண்ணீரோடு ஜெபித்துவிட்டு எழுந்தேன். என் மனைவி மெதுவாகக் கேட்டாள்: "ஏங்க, கடன் தீரணும்னு உபவாசம் இருக்கீங்க. போன வாரம்தான் மறுபடி ஒருத்தர்கிட்ட கைமாத்து வாங்கினீங்க. ஆண்டவர் எதைத்தாங்க கேப்பாரு?" நான் பதில் சொல்லவில்லை. அந்த இரவில் ஒரு பழைய நோட்டை எடுத்து இருவரும் உட்கார்ந்தோம்.

பைக் கடன் பாக்கி 34,000. நகைக் கடன் 60,000. சகோதரனிடம் 40,000. கைமாற்று 22,000. ஆக மொத்தம் 1,56,000 ரூபாய். எழுதி முடித்ததும் கை நடுங்கிற்று. அதுவரை அந்தத் தொகை எனக்கே தெரியாது.

2 இராஜாக்கள் 4-ஆம் அதிகாரத்தில் ஒரு தீர்க்கதரிசியின் விதவையைப் பார்க்கிறோம். ஊழியக்காரன் வீட்டிலேயே கடன்! பிள்ளைகளைக் கொண்டுபோகக் கடன்காரன் வந்துவிட்டான். எலிசா முதலாவது என்ன கேட்டான்? வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டான். எண்ணெய் பெருகினது அற்புதம். ஆனால் அற்புதத்துக்குப் பிறகு அவன் சொன்ன ஒழுங்கைக் கவனியுங்கள். எண்ணெயை விற்க வேண்டும், கடனைத் தீர்க்க வேண்டும், மீந்ததில்தான் பிழைக்க வேண்டும். நாம் இந்த ஒழுங்கைத் தலைகீழாக்குகிறோம். முதலில் பிழைப்பு, பிறகு புதுப்பாத்திரம், கடைசியில் கடன்.

எங்கள் வீட்டில் என்ன இருந்தது? பைக் இருந்தது. 38,000 ரூபாய்க்கு விற்றோம். 34,000 பைக் கடனுக்குப் போயிற்று. மீதி 4,000-ஐ அந்தச் சகோதரனுடைய அசலில் கட்டினேன். மறுபடியும் சைக்கிள். முதல் நாள் காவேரிப் பாலத்தில் மிதித்துப் போகையில் தெரிந்த முகங்களைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டேன். ஒரு வாரத்தில் வெட்கம் போயிற்று. பைக் தவணை 2,600, பெட்ரோல் 1,400. மாதம் 4,000 ரூபாயை அந்த ஒரு வண்டி தின்றுகொண்டிருந்தது! அதே 4,000-ஐ 2017 ஜூன் முதல் மாதந்தோறும் அந்தச் சகோதரனுக்கு அசலாகக் கட்டினேன். ஒன்பது மாதத்தில் 36,000. அந்தக் கடன் தீர்ந்தது. அவருக்குக் கொடுத்த வட்டி 1,200-ம் மிச்சமாகவே, மாதம் 5,200 வீதம் மற்ற 82,000-ஐ அடைத்தோம். இன்னும் பதினாறு மாதம். நகைக் கடன் வட்டியை என் மனைவி தையல் காசில் கட்டினாள். 2019 ஜூனில் நகை வீட்டுக்கு வந்தது. ஸ்தோத்திரம்!

இந்த நாட்களில் எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தது வேதாகமக் கல்லூரி அல்ல. ஸ்ரீரங்கத்தில் நம் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு வரும் ஒரு தாயார். அம்மா மண்டபம் சாலைப் பக்கம் இட்லி விற்கிறவர்கள். அவர்களிடம் மூன்று டப்பா உண்டு. ஒன்று ஆண்டவருக்கு, ஒன்று நாளைக்கு அரிசி உளுந்துக்கு, ஒன்று வீட்டுக்கு. "பாஸ்டரய்யா, ரெண்டாவது டப்பாவுல மட்டும் கை வச்சிரக் கூடாது. முதலைத் தின்னுட்டா கடை எங்க இருக்கும்?" என்றார்கள். வீட்டு டப்பாவில் மிஞ்சுவதைத் தபால் ஆபீஸில் ஐந்து வருஷ ஆர்.டி.யில் கட்டுகிறார்கள். காந்தி மார்க்கெட்டில் பொழுது சாயும் நேரம் காய்கறி வாங்குகிறார்கள். யாரிடமும் கை நீட்டினதில்லை. 1 தெசலோனிக்கேயர் 4:11, 12-ல் பவுல் சொல்லுகிற வாழ்க்கை இதுதான். சொந்தக் கையால் வேலை செய்து, ஒருவரையும் எதிர்பாராமல் நிற்பது.

நம்முடைய திருச்சியிலேயே இப்படி ஒரு ஊழியக்காரன் வாழ்ந்தார் என்பதை அறிவீர்களா? தெப்பக்குளம் பக்கம் கோட்டைக்குள் கிறிஸ்து ஆலயம் இருக்கிறதே, 1766-ல் அதைக் கட்டின சுவார்ட்ஸ் ஐயர்தான். 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்தவர், 1762 முதல் திருச்சியில் ஊழியம் செய்தார். அவருக்கு அப்போது வருஷத்துக்கு ஏறக்குறைய 48 பவுன் வருமானம். ஒரு கட்டிலும் அவரும் கொள்ளும் அளவுக்கு ஒரு அறை. நம் மக்களைப் போல சோறும் காய்கறியும் ஆகாரம். மலிவான பருத்தித் துணியில் கறுப்புச் சாயம் ஏற்றின அங்கி. 1779-ல் ஹைதர் அலியைச் சந்திக்க ஸ்ரீரங்கப்பட்டணம் போனபோது வழிச்செலவுக்கு என்று அவர் கொடுத்த 300 ரூபாயைக் கூடத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் சென்னை அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். அவர்கள் திரும்பக் கொடுத்ததைத் தஞ்சாவூரில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கு வைத்தார்.

1780-களின் தொடக்கத்தில் ஹைதர் அலியின் படையெடுப்புக் காலம். தஞ்சைக் கோட்டைக்குள் ஜனங்கள் பசியால் சாகிறார்கள். வெளியே கிராமங்களில் நெல் இருக்கிறது, ஆனால் கொண்டுவர ஆள் இல்லை. முன்பு கூலி கொடுக்காமல் ஏமாற்றினதால் ராஜாவின் வார்த்தையையும் குடிகள் நம்பவில்லை, ஆங்கிலேயர் வார்த்தையையும் நம்பவில்லை. சுவார்ட்ஸ் ஐயர் "நான் கொடுக்கிறேன்" என்று எழுதி அனுப்பினார். இரண்டொரு நாளில் ஆயிரம் மாடுகள் வந்தன! எண்பதாயிரம் கலம் நெல் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது. வாக்குப்படியே அவர் தன் கையால் கூலி கொடுத்துத் தீர்த்தார். ராஜாவின் கஜானா செய்யாததை ஒரு கட்டில் அறையில் வாழ்ந்தவரின் வார்த்தை செய்தது. நெகேமியாவும் பன்னிரண்டு வருஷம் தேசாதிபதிக்குரிய படியை வாங்காமல் இருந்தான் என்று அதே ஐந்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. அதனால்தான் அவனால் பெரியவர்களை நேருக்கு நேர் கேட்க முடிந்தது.

2018 மார்ச்சில் ஒரு ஞாயிறு நான் நெகேமியா ஐந்தாம் அதிகாரத்தை வாசித்தேன். முதலில் என் கடனைச் சபைக்கு முன் அறிக்கையிட்டேன். அதற்குப் பின்தான் வட்டியைப் பற்றிப் பேசினேன். அந்தச் சகோதரன் பாதியில் எழுந்து போனார். மூன்று வாரம் கழித்து ஒரு ராத்திரி வாசலில் வந்து, காகிதத்தில் மடித்த தோட்டையும் ரேஷன் கார்டையும் நீட்டினார். "கணக்கு முடிஞ்சுது பாஸ்டர்" என்றார். உள்ளே வரவில்லை. இன்றுவரை சபைக்கும் வரவில்லை. அவருக்காக ஜெபியுங்கள், நானும் ஜெபிக்கிறேன்.

அடுத்த நாள் காலையில் அவற்றைச் சகோதரியிடம் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். 14 மாதம் மாதம் 1,000 வீதம் வட்டி மட்டுமே 14,000 கட்டியிருந்தார். அந்த 14 மாதமும் நான் பிரசங்கபீடத்தில் நின்றவன். சகோதரி சொன்னார்: "நீங்களும் எங்கள மாதிரி மாட்டிக்கிட்டிருக்கீங்கன்னு தெரியும் பாஸ்டர். அதனாலதான் உங்ககிட்ட வந்து சொல்லல." இந்த வார்த்தை என்னை இன்னும் குத்துகிறது. மேய்ப்பனிடத்தில் ஆடு வந்து அழக்கூட வழியில்லாமல் என் கடன் வழியை அடைத்திருந்தது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கடை மூடினது, ஆலயம் மூடினது. காந்தி மார்க்கெட் மொத்த வியாபாரத்தைப் பொன்மலை ஜி கார்னர் மைதானத்துக்கு மாற்றினார்கள். இரண்டு மாதம் எங்களுக்குச் சம்பளம் இல்லை. ஆனால் வாசலில் கடன்காரனும் இல்லை. கையிருப்பில் நாங்களும் சாப்பிட்டு, நாலு குடும்பத்துக்கு அரிசியும் கொடுக்கக் கர்த்தர் கிருபை செய்தார். சிக்கனம் என்பது கஞ்சத்தனம் அல்ல என்பதை அன்று கண்ணால் கண்டோம்.

பிரியமானவர்களே, சில ஆலோசனைகள் சொல்லுகிறேன். இன்று இரவே கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் மறைக்காமல் எல்லாக் கடனையும் எழுதுங்கள். வட்டி அதிகமானதை முதலில் அடையுங்கள். மூன்று வட்டிக்கு வாங்கின 50,000-க்கு 33 மாதத்தில் வட்டியே ஏறக்குறைய இன்னொரு 50,000 ஆகும். தண்டலில் 8,500 கையில் வாங்கி 100 நாள் நூறு நூறாகக் கட்டுகிறீர்களே, வருஷக் கணக்கு போட்டால் அது நூற்றுக்கு நூறைத் தாண்டும். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் தமிழ்நாட்டில் 2003-ஆம் வருஷச் சட்டம் தடை செய்திருக்கிறது. மிரட்டினால் பயப்படாமல் என்னிடம் வாருங்கள், கூட வருகிறேன்.

செல்போனில் ஐந்து நிமிஷத்தில் வருகிற கடனுக்கும், பார்த்தவுடன் ஆசை காட்டும் தவணைக்கும் விலகி ஓடுங்கள். அதேபோல் சேமிக்கிறவர்கள் பேராசைப்படாதிருங்கள். 2023-ல் நம் திருச்சியிலேயே ஒரு நகைச் சேமிப்புத் திட்டத்தில் போட்ட பணத்துக்காக ஜனங்கள் பொருளாதாரக் குற்றப் பிரிவில் போய் நின்றதைப் பார்த்தோம். தபால் ஆபீஸும் வங்கியும் கொஞ்சமாகக் கொடுத்தாலும் போதும். எறும்பு சிறுகச் சிறுகத்தான் சேர்க்கிறது.

இன்னும் ஒரு வார்த்தை. காணிக்கைக்காக யாரும் கடன் வாங்காதீர்கள். அப்படி வந்த காணிக்கையை நான் தொடமாட்டேன். உங்கள் வீட்டு விசேஷத்துக்கு நான் வரும்போது ஒரு டம்ளர் காப்பி போதும். பிரியாணி போட்டுக் கடன்பட்டால் அதற்கு நானும் பங்காளியாவேன்.

இந்த மாத உபவாச ஜெபத்துக்கு வரும்போது கடன் எழுதின நோட்டையும் கூடவே கொண்டு வாருங்கள். ஒருவரும் திறந்து பார்க்கமாட்டோம். மடியில் வைத்துக்கொண்டு ஜெபிப்போம்.

அன்பின் பரலோகப் பிதாவே, எங்கள் பெருமையினாலே நாங்களே பூட்டிக்கொண்ட விலங்குகளை அறிக்கையிடுகிறோம். போதும் என்கிற மனதைத் தாரும். கணக்குப் பார்க்கத் தைரியம் தாரும். கொடுக்கிற கையாக எங்கள் கையை மாற்றும். கடனால் வாய் அடைபட்டிருக்கிற ஒவ்வொருவரையும் விடுதலையாக்கும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் சகோதரன்