பகலில் கணக்கு, மாலையில் தியானம்

தமிழ்நாட்டில் இன்று மாலை யோகா வகுப்பு இல்லாத சிற்றூர் குறைவு. பள்ளிக்கூட மாடி, கோயிலை ஒட்டிய மண்டபம், அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடம் என்று இடம்தான் மாறும். விரித்துப் போட்ட ஜமக்காளமும், மூட்டுவலிக்காக நாற்காலி கேட்கும் மூத்தவர்களும் எல்லா இடத்திலும் உண்டு. சொல்லித்தருகிறவர் பெரும்பாலும் பகலில் வேறு வேலை பார்ப்பவர். வங்கியில் காசாளராக இருப்பார், பள்ளி ஆசிரியையாக இருப்பார், மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்றவராக இருப்பார். அவர்களில் மனசாட்சியுள்ள எவரையும் என்றாவது ஒரு நாள் ஒரு கேள்வி பிடித்துக்கொள்ளும். மேலதிகாரியிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு, வீட்டில் பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்துவிட்டு, இங்கே வந்து நாற்பது பேரைப் பார்த்து "மனத்தை அமைதியாக வையுங்கள்" என்று சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

கேள்வி பழையது. நம் மரபு இதற்குத் தரும் விடை கடுமையானது. குருட்டைப் போக்கத் தெரியாத குருவையும் அவரை நம்பிய சீடரையும் திருமூலர் ஒரே குழியில்தான் காண்கிறார். சைவ ஆகமங்கள் ஆசாரியனுக்கு விதிக்கும் தகுதிகளைப் படித்தால், மாலை வகுப்பு எடுக்கும் காசாளர் பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். அந்தக் கடுமைக்கு நியாயம் இருக்கிறது. ஒருவருடைய வினையையும் முத்தியையும் பொறுப்பேற்றுக்கொள்வதாகச் சொல்லும் குருவை அப்படித்தான் அளக்க வேண்டும். ஆனால் வாரம் மூன்று நாள் மூச்சையும் முதுகையும் கவனிக்கச் சொல்லித்தருகிறவருக்கும் அதே அளவுகோல்தானா? இந்த இடத்தில், அலுவலகத்தை விடாமலே உலகத்துக்குத் தியானம் கற்பித்த ஒரு மனிதரின் வாழ்க்கை உதவிக்கு வருகிறது.

ஊ பா கின் 1899இல் ரங்கூனில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். பள்ளியிறுதியில் தங்கப் பதக்கம் வாங்கினார். கல்லூரிக்கு உதவித்தொகையும் கிடைத்தது. வீட்டு நிலைமை படிக்க விடவில்லை. கணக்குத் துறையில் எழுத்தராகச் சேர்ந்து தேர்வுகள் எழுதி உயர்ந்தார். 1948இல் பர்மா விடுதலை பெற்றபோது அந்நாட்டின் முதல் தலைமைக் கணக்காயர் அவர்தான். இதற்கிடையில், 1937 ஜனவரியில், ஆற்றுக்கு அக்கரையில் இருந்த ஒரு கிராமத்துக்குப் போய் பத்து நாள் விபாசனா என்ற பௌத்தத் தியானம் பயின்றிருந்தார். 1941இல், மக்கள் பெரிதும் மதித்த வேபு சயாடோ என்ற துறவியை அலுவல் பயணத்தின்போது சந்தித்தார். நீ பிறருக்குக் கற்பிக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். அப்படியும் முறையாகக் கற்பிக்கத் தொடங்கப் பத்தாண்டு போலப் பிடித்தது. தகுதி பற்றிய கேள்வி அவரையும் சும்மா விட்டிருக்காது என்றே தோன்றுகிறது.

1950இல் தம் அலுவலக ஊழியர்களுக்காக அங்கேயே ஒரு விபாசனா சங்கம் அமைத்தார். 1952இல் ரங்கூனில் சர்வதேசத் தியான மையம் எழுந்தது. அங்கே கட்டப்பட்ட பகோடா அளவில் சிறியது. நடுவில் ஒரு வட்ட அறை, அதைச் சுற்றி ஆப்பு வடிவில் எட்டுச் சிற்றறைகள். நடு அறையில் ஊ பா கின் உட்காருவார்; சுற்றறைகளில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அங்கிருந்தபடியே வழி சொல்வார். அலுவலகத்துக்குப் போய்வந்துகொண்டேதான் இத்தனையும். அவர் ஓய்வு பெற்றதே 1967இல். நடுவில் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட துறைகளின் பொறுப்பையும் சுமந்திருக்கிறார்.

அவருக்குக் கற்பித்தவர் யார் என்று பார்த்தால் வியப்பு இன்னும் கூடும். சயா தெட்ஜி துறவி அல்லர். சிறுவயதில் தந்தையை இழந்து, நெல் ஏற்றிய மாட்டுவண்டி ஓட்டி, அரிசி ஆலையில் வேலை பார்த்த குடும்பஸ்தர். காலராவில் பெற்ற பிள்ளைகளைப் பறிகொடுத்த பிறகு விடை தேடிப் புறப்பட்டவர். லெடி சயாடோ என்ற பெரும் பிக்குவிடம் பல ஆண்டுகள் பயின்று ஊர் திரும்பினார். பிறருக்குக் கற்பிக்கும்படி அவரைப் பணித்ததும் அந்தப் பிக்குதான். பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாத இந்த மனிதரிடம் வயலில் வேலை செய்பவர்களும் வந்தார்கள், காவி உடுத்தவர்களும் வந்தார்கள்.

தமிழருக்கு இது அன்னியமான கதை அல்ல. கூடுவாஞ்சேரியில் 1911இல் நெசவாளர் வீட்டில் பிறந்த வேதாத்திரி மகரிஷி குடும்பத்தில் இருந்தபடியே யோகம் பயின்றவர். 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். அதிலிருந்து கிளைத்த மனவளக்கலை மன்றங்களில் எளியமுறை உடற்பயிற்சியும் தவமும் சொல்லித்தருகிறவர்களில் பெரும்பாலோர் கடை வைத்திருப்பவர்கள், அலுவலகம் போகிறவர்கள், இல்லத்தரசிகள். குடும்பத்துக்கு நடுவே நின்று இன்னொரு குடும்பஸ்தருக்குச் சொல்லித்தருவதை அங்கே யாரும் குறையாகப் பார்ப்பதில்லை.

பகுதிநேர ஆசிரியரைக் குருவின் மலிவுப் பதிப்பாக நினைப்பது தவறு. ஒரு விதத்தில் அவர் எதிர்கொள்ளும் சோதனை பெரிய குருவுக்கு இருப்பதைவிடக் கடினம். மேடையில் அமரும் குருவை மாணவர்கள் அவர் ஆயத்தமாக இருக்கும் நேரத்தில் மட்டுமே காண்கிறார்கள். ஊ பா கின்னிடம் தியானம் கற்ற எழுத்தர்கள் அவரைக் காலை முதல் மாலை வரை அலுவலகத்தில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். தாமதமாக வந்த கோப்பை அவர் எப்படி எடுத்துக்கொள்கிறார், மந்திரியின் நெருக்கடிக்கு என்ன பதில் சொல்கிறார், கணக்கில் பிழை செய்தவரிடம் எந்தக் குரலில் பேசுகிறார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அவர் மிகவும் கண்டிப்பானவர், குரலை உயர்த்தவும் தயங்காதவர் என்று அவரிடம் பயின்றவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அப்படியிருந்தும் மறுநாள் வந்து உட்கார்ந்தார்கள். கோபமே வராதவர் என்பதற்காக அவரிடம் யாரும் வரவில்லை. வந்த கோபம் அவரை எவ்வளவு நேரம் ஆட்டிவைக்கிறது என்று பக்கத்து மேசையிலிருந்து பார்த்தவர்கள் அவர்கள்.

நம் ஊர் காசாளருக்கும் இதே நிலைதான். அவர் வகுப்புக்கு வரும் அம்மாள் காலையில் வங்கி வரிசையில் நின்று அவரைப் பார்க்கிறார்.

பௌத்தம் இதில் ஒரு தெளிவைத் தருகிறது. புத்தர் தம் தர்மத்தை "வந்து பார்" என்ற அழைப்பாகவே வைத்தார்; தாம் வழி காட்டுபவர், நடக்க வேண்டியது அவரவர் கால் என்றார். அப்படியானால் கற்பிக்கிறவர் கைமாற்றித் தருவது ஒரு முறையை. அந்த முறை சரியா என்று கற்பவர் தம் மூச்சிலும் உடம்பிலும் சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம். ஆசிரியர் ஞானம் அடைந்துவிட்டாரா என்ற கேள்வியின் எடை அப்போது குறைகிறது. அவர் தாம் நடந்த தூரத்தைப் பற்றி உண்மை பேசுகிறாரா என்பதே முன்னுக்கு வருகிறது.

ஆனால் முதியோர் வகுப்பில் இன்னொரு சிக்கல் உண்டு. வருகிறவர்கள் ஞானம் தேடி வருவதில்லை. தூக்கம் வரவில்லை, சர்க்கரை ஏறுகிறது, கணவர் இறந்த பிறகு மாலைப்பொழுது கழியவில்லை என்றே வருகிறார்கள். 1955இல் ஊ பா கின்னிடம் அப்படித்தான் ஒரு இளம் வணிகர் வந்தார், பெயர் சத்யநாராயண் கோயங்கா. கடுமையான ஒற்றைத் தலைவலி. அதற்காக மார்பின் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். தலைவலிக்காக வருவதானால் வர வேண்டாம் என்று ஊ பா கின் மறுத்துவிட்டார். மனத்தைத் தூய்மை செய்வதற்கான வழியை உடம்பு நோய்க்கு மருந்தாக்குவது தர்மத்தைத் தாழ்த்துவது என்பது அவர் நிலை. மனத்துக்காக வா, தலைவலி போனால் அது கூடுதல் பலன் என்றார். கோயங்கா அந்த நிபந்தனையை ஏற்று வந்தார். பின்னாளில் அந்த முறையை இந்தியாவுக்குக் கொண்டுவந்து, 1969 ஜூலையில் மும்பையில் முதல் வகுப்பை நடத்தினார். சென்னைக்கு அருகே திருமுடிவாக்கத்தில் இருக்கும் தம்ம சேது மையம் வரை அதன் கிளைகள் நீண்டிருக்கின்றன.

இதற்கு நேரெதிராகச் சென்றவர் ஜான் கபட்-சின். 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், வலி தீராத நோயாளிகளுக்கென்றே ஒரு வகுப்பைத் தொடங்கினார். உடம்பின் ஒவ்வொரு பகுதியாகக் கவனத்தைக் கொண்டுசெல்லும் பயிற்சி அதில் முக்கியமானது. அதை ஊ பா கின் மரபிலிருந்து எடுத்துக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். தலைவலிக்காரரைத் திருப்பி அனுப்பிய ஆசிரியரின் முறை, வலிக்காகவே திறக்கப்பட்ட வகுப்பில் போய்ச் சேர்ந்தது.

இருவரில் யார் சரி? முதுகுவலியோடு வரும் அறுபது வயது அம்மாவை, நோக்கம் உயர்வாக இல்லை என்று திருப்பி அனுப்ப ஊர் வகுப்பால் முடியாது, அனுப்பவும் கூடாது. துக்கம் என்பதிலிருந்து தொடங்கிய தர்மம் வலியைக் கண்டு முகம் சுளிக்க நியாயமில்லை. என்றாலும் ஊ பா கின்னின் மறுப்பில் இன்றைய ஆசிரியர்கள் இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டிய ஒரு நேர்மை இருக்கிறது. குணமாகும் என்று வாக்குக் கொடுத்து அவர் ஆள் சேர்க்கவில்லை. "நாற்பது நாளில் சர்க்கரை நோய் தீரும்" என்று சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் செய்யும் கேடு பெரிது. அதை நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர்கள் உண்மையான மனிதர்கள்.

தியானமும் எல்லோருக்கும் எல்லா நேரமும் நல்லது செய்வதில்லை. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏறத்தாழ 60 தியானப் பயிற்சியாளர்களிடம் விரிவாகப் பேசி 2017இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பயம், பதற்றம், தான் யார் என்ற உணர்வே குலைதல் போன்ற அனுபவங்கள் அதில் பதிவாகியிருக்கின்றன. கண்ணை மூடச் சொன்னதும் ஒருவருக்கு உடம்பு நடுங்கத் தொடங்கினால், அது குண்டலினி என்று சொல்வதா, கண்ணைத் திறக்கச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, மறுநாள் மருத்துவரிடம் அழைத்துப்போவதா? தம் எல்லை தெரிந்த பகுதிநேர ஆசிரியர் இரண்டாவதைச் செய்வார்.

கடைசியில் பணத்துக்கு வந்தாக வேண்டும். கோயங்கா மரபில் வகுப்புக்குக் கட்டணம் இல்லை. பழைய மாணவர்களின் நன்கொடையில் எல்லாம் நடக்கிறது. ஆசிரியர்களுக்கு ஊதியமும் கிடையாது, அவர்களுக்கு வேறு பிழைப்பு இருக்க வேண்டும். இந்த ஏற்பாட்டின் வலிமை வெளிப்படை. மாணவர் வந்தால்தான் அடுப்பெரியும் என்ற நிலையில் இல்லாதவர், "உங்களுக்கு இது வேண்டாம், டாக்டரைப் பாருங்கள்" என்று கூசாமல் சொல்லிவிட முடியும்.

ஆனால் ஊ பா கின்னுக்கு அரசுச் சம்பளம் இருந்தது. கோயங்கா வசதியான வணிகக் குடும்பம். எல்லோருக்கும் அது வாய்க்காது. யோகாசிரியர் கிருஷ்ணமாச்சாரியாரையே எடுத்துக்கொள்ளலாம். மைசூர் அரண்மனை ஆதரவில் நடந்த அவருடைய யோகசாலை 1950இல் மூடப்பட்டது. அறுபதைத் தாண்டிய வயதில் சென்னைக்கு வந்து, விவேகானந்தா கல்லூரியில் விரிவுரையாளராக வேலை பார்த்தார். பலவித உடல்நிலையோடு வந்தவர்களுக்கு அவரவர்க்குத் தகுந்தபடி சொல்லிக்கொடுத்தார். உடம்பைப் பார்த்துப் பாடம் மாற்றும் அந்த வேலைக்கு ஊதியம் பெறுவதில் எந்தக் களங்கமும் இல்லை.

இன்று நகரங்களில் காலை ஐந்தரைக்கு ஓர் அடுக்குமாடி, ஏழுக்கு இன்னொன்று, மாலையில் முதியோர் இல்லம் என்று ஸ்கூட்டியில் ஓடி யோகா சொல்லித்தரும் பெண்கள் நிறைய இருக்கிறார்கள். "இது சேவைதானே" என்று அவர்களிடம் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லும் குடியிருப்புச் சங்கங்கள், வருடந்தவறாமல் ஜூன் 21 சர்வதேச யோகா தினத்துக்குப் பந்தல் போட மட்டும் தயங்குவதில்லை. தானம் என்பது கொடுப்பவர் தாமாக முன்வந்து செய்வது. அடுத்தவர் உழைப்பைத் தானம் என்று பெயர் சூட்டி வாங்கிக்கொள்ள எந்த மதமும் இடம் கொடுக்கவில்லை. பந்தலுக்கு ஒதுக்குவதில் ஒரு பங்கை அந்தப் பெண்களின் மாதச் சம்பளத்தில் சேர்க்கலாம். உடம்பு முடியாமல் விடுப்பு எடுக்கும் நாளுக்கும் பணம் பிடிக்காமல் இருக்கலாம்.