ஏட்டுக்கு ஏது அப்பீல்?

'போலீஸ் ஏட்டு மீது நடவடிக்கை' என்று பேப்பரில் படித்தால் உங்களுக்கு என்ன தோன்றும்? 'நல்லா வேணும்!' ஹெல்மெட் போடாமல் மாட்டிய நாள் ஞாபகத்துக்கு வந்தால் கொஞ்சம் சந்தோஷம்கூட வரும். இயல்புதான். ஆனால் அந்த ஏட்டின் அப்பீல் மனுவை யாராவது ஒழுங்காகப் படிக்கணுமா, வேண்டாமா?

ஒரு உதாரணம். ராத்திரி பாராவில் இருந்த ஏட்டை ஏமாற்றிவிட்டு ஒரு கைதி ஓடிவிட்டான். விசாரணை நடந்தது. எஸ்.பி. இன்கிரிமென்ட்டை வெட்டினார். 'ரெண்டு பேர் பார்க்க வேண்டிய பாரா. அன்னிக்கு நான் ஒருத்தன்தான். டூட்டி நோட்டைப் பாருங்க' என்று டி.ஐ.ஜி.க்கு நாலு பக்கம் அப்பீல் எழுதினார் ஏட்டு. பல மாதம் கழித்து பதில் வந்தது, ஒரே வரியில்: 'மனு பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்படுகிறது.'

ஏட்டு கற்பனை. அந்த ஒரு வரி கற்பனை இல்லை. மேலதிகாரியை அடித்ததாக வேலை போன ஒரு ரயில்வே ஊழியரின் அப்பீலை, விதியின் வாசகத்தையே திருப்பி எழுதி நிராகரித்தார்கள். 1986-ல் சுப்ரீம் கோர்ட், 'அவரை நேரில் கேளுங்கள், காரணம் எழுதுங்கள்' என்று திருப்பி அனுப்பியது. காரணம் உண்டு. 'இந்தத் தண்டனை தரப் போகிறோம், என்ன சொல்கிறாய்?' என்று கேட்கிற இரண்டாவது வாய்ப்பை 1976-ன் 42-வது திருத்தம் எடுத்துவிட்டது. அப்புறம் மிச்சம் இருப்பது அப்பீல்தான்.

போலீஸ்காரருக்கு இது இன்னும் முக்கியம். 1966-ல் வந்த சட்டப்படி அவர் அனுமதியில்லாமல் தொழிற்சங்கத்தில் சேர முடியாது. நம்மைப் போல கொடி பிடிக்க முடியாது. அவர் கையில் இருப்பது அந்த நாலு பக்கம்தான்.

'சாத்தான்குளத்தில் 2020-ல் அடிபட்டுச் செத்தார்களே தந்தையும் மகனும், அந்த மாதிரி போலீஸுக்கும் அப்பீலா?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ஆமாம், அவர்களுக்கும்தான். கொலைக்குத் தண்டனை தர கிரிமினல் கோர்ட் இருக்கிறது. துறை விசாரணையை அரைகுறையாக நடத்தினால் லாபம் யாருக்கு? நிஜமாகவே தப்பு செய்தவருக்கு! துறை விசாரணை வழக்குகளில் ஹைகோர்ட் பொதுவாக சாட்சியத்தைத் திரும்ப எடை போடாது. முறையாக நடந்ததா என்றுதான் பார்க்கும். ஓட்டை இருந்தால் தண்டனையே ரத்தாகலாம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. காரணம் எழுத வேண்டும் என்றால் டி.ஐ.ஜி. அந்த டூட்டி நோட்டைத் திறந்தே ஆகணும். திறந்தால், ஒற்றை ஆளை பாராவுக்குப் போட்டது யார் என்ற கேள்வி வரும். ஒரு வரியில் மூடினால் ஏட்டுக்குத் தண்டனை, ஆளைக் குறைத்த அதிகாரிக்கு நிம்மதி, அடுத்த கைதிக்குக் கதவு திறந்தே இருக்கும்.

நாளைக்கு நீங்கள் ஒரு புகாரோடு அதே ஸ்டேஷனுக்குப் போகலாம். 'விசாரிச்சாச்சு, போங்க' என்று ஒரு வரியில் அனுப்பினால் உங்களுக்குக் கோபம் வருமா, வராதா? அந்தக் கோபத்தில் கொஞ்சம் ஏட்டுக்காகவும் எடுத்து வையுங்கள்.